பிளஸ் ஆறு

சார், அந்தக் குடையைக் கொஞ்சம் மடக்கிடுங்களேன். மறைக்குது. நாலு தூறல்தானே, நனைஞ்சா கரைஞ்சா போயிடுவோம்? ஆங், தேங்க்ஸ் சார். கோச்சுக்காதீங்க. காலையிலேர்ந்து இந்த ஓரத்து எடத்தைப் புடிச்சு வெச்சிருக்கேன். எல்லாரும் நடுவுல போய் உக்காருவாங்க, ஸ்டார்ட்டிங் லைனுக்கு நேரா. வெவரம் தெரியாதவங்க. எதிர்ப்பக்கம் சுவர் ஓரமா நிக்கிறாங்க பாருங்க, கையில கறுப்பு போர்டு வெச்சுக்கிட்டு. இந்த எடத்துலேர்ந்து பாத்தாதான் அதுல என்ன போட்டிருக்குன்னு படிக்க முடியும்.

மொத தடவையா சார்? அதானே, காதுல பஞ்சு வெச்சிருக்கறதைப் பாத்ததுமே நெனைச்சேன். மச்சான் பாஸ் குடுத்தாரா? நல்ல மச்சான். சரியான நாள்ல அனுப்பியிருக்காரு. சீசனோட கடைசி பைக் ரேஸ் இது. பத்து லேப், ட்ராக்கைப் பத்து சுத்து. அது முடிஞ்சா யாரு சாம்பியன்னு தெரிஞ்சுடும்.

ரெண்டே பேருக்குத்தான் போட்டி. அந்த மஞ்ச வண்டி, இருபத்தேழாம் நம்பர், எபினேசர். எபின்னு கூப்பிடுவோம். நம்ம பெரம்பூர் பையன். சொந்த வண்டி, சொந்த மெக்கானிக் ஷெட்டு, டீம்னு பாத்தா அவனும் அவங்க அக்காவும்தான். பக்கத்துல நீலம் நிக்குது பாருங்க, நாலாம் நம்பர், அது மித்ரன். கம்பெனி டீம். அவனுக்குக் குடை புடிக்க ஒரு ஆளு, ஹெல்மெட் துடைக்க ஒரு ஆளு. பாயிண்ட்ல எபி கொஞ்சம் முன்னால இருக்கான். இன்னிக்கு ரெண்டாவதா வந்தாக்கூடப் போதும், பட்டம் அவனுக்குத்தான். பட்டம் வந்துட்டா அடுத்த வருஷம் கம்பெனி டீம்ல சீட்டு தர்றதா பேசி வெச்சிருக்காங்க. வரலன்னா அவ்வளவுதான், ரேஸே கெடையாது. அவங்க அக்கா தீர்த்துச் சொல்லிடுச்சு. போன வருஷம் விழுந்து வலது தோள்ல பிளேட்டு வெச்சிருக்கு. அதே எடத்துல இன்னொரு அடி பட்டா கை தூக்கவே முடியாதாம். அது நர்ஸ் வேலை பாக்குற பொண்ணு, அதுக்குத் தெரியாதா.

அதோ, அதான் ஜெனிட்டா. செகப்பு சுடிதார், தலையில தொப்பி. போர்டு வெச்சிருக்கு பாருங்க. அந்த போர்டு நான் புடிச்ச போர்டு சார். சொல்றேன், சொல்றேன். மொதல்ல கெளம்பட்டும். லைட்டைப் பாருங்க. செகப்பு... செகப்பு... போயிட்டானுங்க!

அடடா, மித்ரன் கோட்டை விட்டுட்டான்! க்ளட்சைச் சீக்கிரம் விட்டுட்டான், வண்டி மூக்கைத் தூக்கிடுச்சு. எபி முன்னால. நம்பர் ஒண்ணு. பாத்தீங்களா, நான் என்ன சொன்னேன்? இல்ல, உங்ககிட்ட சொல்லல, கீழ டீக்கடையில சொல்லிட்டு இருந்தேன். மித்ரன் பெரிய ரேஸ்னா ஸ்டார்ட்ல சொதப்புவான். தூக்கம் வராது அவனுக்கு. மத்தபடி நல்ல ரைடர், அதை இல்லன்னு சொல்ல மாட்டேன். பிரேக்கைக் கடைசி வரைக்கும் தொட மாட்டான். ஆனா தரையில தண்ணியைப் பாத்தா பூனை. அதோ மூணாவதா போறாரே, முஸ்தபா பாய், பெங்களூருக்காரரு. ஒரு காலத்துல என்னமா ஓட்டுவாரு தெரியுமா? இப்ப பழைய பேரை வெச்சு வண்டி ஓடுது. ‘பாய், கௌரவமா ஒதுங்கிக்குங்க’ன்னு போன மாசம் நேராவே சொன்னேன். மொறைச்சிட்டுப் போயிட்டாரு. உண்மையைச் சொன்னா யாருக்குத்தான் புடிக்குது?

நானா? நான் ரேஸ் ஓட்டினதில்ல சார். ஸ்கூட்டர்தான். நாப்பதைத் தாண்டினா வீட்டுக்காரி இடுப்புல கிள்ளுவா. பெரம்பூர்ல டிரைவிங் ஸ்கூல் வெச்சிருக்கேன், தணிகாசலம்னு கேட்டா யாரும் சொல்லுவாங்க. ஏன், கிரிக்கெட்டைப் பத்திப் பேசறவன்லாம் பேட்டு புடிச்சவனா? ஒருத்தன் ஹேண்டிலைப் புடிக்கிற புடியைப் பாத்தே அவனுக்குள்ள என்ன ஓடுதுன்னு சொல்லிடுவேன். அத்தனை பேருக்குக் கத்துக்குடுத்திருக்கேன்.

இருங்க, வர்றானுங்க. சத்தம் கேக்குதா? கடைசி வளைவு அது. அதுக்கு அந்தப் பக்கம் நமக்குத் தெரியாது, காதுலதான் பாக்கணும். மஞ்சள்! எபி! என்னா தெளிவா வர்றான்! போர்டைப் பாருங்க, பிளஸ் ரெண்டு.

பிளஸ் ரெண்டுன்னா பின்னாடி வர்றவன் ரெண்டு செகண்டு தள்ளி வர்றான்னு அர்த்தம். அந்த வேகத்துல திரும்பிப் பாக்க முடியாதில்ல சார். திரும்பினா வண்டி கோடு மாறிடும். அவனுக்கு முதுகுல கண்ணு கெடையாது, அந்த போர்டுதான் முதுகுக் கண்ணு. அக்கா வாட்ச்சைப் பாத்து நம்பர் தகட்டைச் சொருகி நீட்டும். இவன் போற போக்குல ஒரு பார்வை பாத்துப்பான். நெருங்கிட்டான்னா முறுக்குவான், தூரம்னா டயரைக் காப்பாத்திக்கிட்டு நிதானமா போவான்.

நிதானம். அதான் சார் இவன் வியாதி. முன்னால போயிட்டா சோம்பேறி ஆயிடுவான். சீசனோட மொத ரேஸ், இதே ட்ராக்கு. போர்டுல பிளஸ் மூணு காட்டினாங்க. உடனே தொரை கையைத் தளர்த்திட்டாரு. கடைசி லேப்ல மித்ரன் வந்து கண்ணுல விரலை விட்டு ஆட்டிட்டுப் போயிட்டான். அன்னிக்கு எனக்கு ராத்திரி சோறு எறங்கல. என் ஸ்கூல் வண்டிங்களை அவன்தான் சர்வீஸ் பண்றான், மறுநாள் ஷெட்டுக்குப் போய்ப் புடிபுடின்னு புடிச்சேன். ‘இல்லண்ணே, அன்னிக்கு டயர் போயிடுச்சு’ன்னான். டயராம் டயரு. பயமே இல்லாதவன் எப்பிடி வேகமாப் போவான்?

அடுத்த ரேஸ் கோயமுத்தூர்ல. வழக்கமா அவனோட சிநேகிதன் ஒருத்தன் போர்டு புடிப்பான், அவனுக்கு அம்மை போட்டுடுச்சு. ‘அண்ணே, ஒருநாள் நீங்க புடிக்கிறீங்களா?’ன்னு எபி கேட்டான். என்னைக் கேட்டான் சார்! கழுத்துல பாஸை மாட்டிக்கிட்டு அந்தச் சுவர்கிட்டப் போய் நின்னேன். ஜெனிட்டா வாட்ச்சைப் பாத்துச் சொல்லணும், நான் தகட்டைச் சொருகி நீட்டணும். அவ்வளவுதான் வேலை. உங்களுக்குப் புரியாது, வண்டிங்க அத்தனையும் நம்ம மூஞ்சிக்கு நேரா வந்து போகும். நமக்கு நெஞ்சு அடிக்கிறதா, இஞ்சின் அடிக்கிறதான்னே தெரியாது.

வர்றானுங்க, இருங்க. எபி... எபி... மித்ரன் எங்க? அதோ. பிளஸ் மூணு காட்டுது. நாலாவது லேப்புக்கே மூணு! இப்பத்தான் சார் எனக்குப் பயம். இவனுக்கு மூணு ஆகாது.

கோயமுத்தூர்ல என்னாச்சுன்னா, பாதி ரேஸ்ல ஜெனிட்டா ‘பிளஸ் நாலுண்ணே’ன்னுச்சு. எனக்குப் பகீர்னுச்சு. நாலைக் காட்டினா இவன் கையைக் கட்டிக்கிட்டு உக்காந்துடுவானே. நான் என்ன பண்ணேன்? என் ஸ்கூல்ல பண்றதைப் பண்ணேன். புதுசா கார் கத்துக்கறவங்க ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டு இருப்பாங்க. ‘பின்னாடி லாரி வருது, லாரி வருது’ன்னு கத்துவேன். லாரி எதுவும் வராது. ஆனா அந்தச் சத்தத்துல கை தானா மூணுக்குப் போகும். எத்தனை வருஷமா இப்பிடித்தான் கத்துக்குடுக்கறேன். அப்புறம் நெஜமாவே லாரி வந்து கத்தும்போதுகூடச் சில பேரு திரும்பிப் பாக்க மாட்டாங்க, அது அவங்க திமிரு. அதுக்கு நான் என்ன பண்றது?

அதே மாதிரி, நாலுன்னு போட்ட தகட்டைக் கீழ வெச்சுட்டு சைபரைச் சொருகி நீட்டிட்டேன். பிளஸ் சைபர். பின்னாடி ஒட்டிக்கிட்டு வர்றான்னு அர்த்தம். ஜெனிட்டா வாட்ச்சைத்தானே பாத்துக்கிட்டு இருக்கு, அதுக்குத் தெரியாது. எபி பாத்தான். ஹெல்மெட்டுக்குள்ள கண்ணு பெருசானது எனக்கே தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு. பறந்தான் சார். அடுத்த ரவுண்டும் சைபர். அதுக்கு அடுத்ததும் சைபர். வளைவுல முட்டி மட்டுமில்ல, முழங்கையும் தரையில உரசுது. அங்க கொடி புடிச்சுக்கிட்டு இருந்த மார்ஷல் ஒருத்தரு தலையில கையை வெச்சுக்கிட்டாரு. ரெக்கார்டு டைம். ஜெயிச்சான்.

கோட்டைத் தாண்டினதும் திரும்பிப் பாத்தான். ரோட்டுல ஒரு ஈ காக்கா இல்ல. மித்ரன் அப்புறமாத்தான் ஆடி அசைஞ்சு வர்றான்.

வண்டியை நிறுத்திட்டு வந்து அக்காவைத்தான் மொதல்ல கேட்டான், ‘எவ்வளவுக்கா இருந்துச்சு?’ன்னு. ‘ஏழுடா. ஏன்டா அப்பிடி ஓட்டினே? பைத்தியமா?’ன்னு அது அழுவுது. இவன் என்னைப் பாத்தான். கிளவுஸைக் கழட்ட வரல அவனுக்கு, நாலு தடவை இழுக்கறான். சந்தோசம். மொத தடவையா ஜெயிச்ச சந்தோசம், இருக்காதா பின்ன? நான் தோளைத் தட்டி ‘பாத்தியா, அண்ணன் உன்னை ஜெயிக்க வெச்சுட்டேன்’னேன். ஜெனிட்டா கீழ கெடந்த அந்த நாலுன்னு போட்ட தகட்டைப் பாத்துச்சு. என் கையிலேர்ந்து போர்டை வாங்கிக்கிச்சு. வாங்கிக்கிச்சுன்னா, புடுங்கல. மரியாதையாத்தான். ‘போதும்ண்ணே’ன்னு ஒரு வார்த்தை.

அதோட சரி. அடுத்த ரேஸுக்குப் பாஸ் வரல. ஃபோன் பண்ணா ‘வேலையா இருக்கேண்ணே’ங்கறான். என் ஸ்கூல் வண்டியை மட்டும் இன்னும் சர்வீஸ் பண்ணித் தர்றான், ஷெட்டுப் பையன்கிட்டக் குடுத்து அனுப்பிடறான். ஜெயிச்சுக் குடுத்தவனுக்கு இதுதான் மரியாதையா, நீங்களே சொல்லுங்க. நூத்தி இருபது ரூபா டிக்கெட்டு வாங்கிக்கிட்டு, இங்க உக்காந்து மழையில நனைஞ்சுக்கிட்டு... சரி, விடுங்க. எங்க இருந்தா என்ன. பாக்கணும், அவ்வளவுதான்.

ஆறாவது லேப். பிளஸ் நாலு. இப்பப் பாருங்க, தளர்த்துவான் பாருங்க. ...இல்லயே. தளர்த்தல! என்னா சாய்வு!

இதைச் சொல்லணும் சார் உங்ககிட்ட. அந்தக் கோயமுத்தூர் ரேஸுக்கு அப்புறம் இவன் ஃபார்ம்ல ஏதோ கோளாறு. அதுக்கு அடுத்த ரேஸ்ல போர்டுல பிளஸ் மூணு, சரியா காட்டுச்சு ஜெனிட்டா. இவன் ஒவ்வொரு வளைவுலயும் தலையைத் திருப்பித் திருப்பிப் பின்னாடி பாக்கறான். இந்தக் கெட்ட பழக்கம் எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல. முன்னாடி கெடையாது. திரும்பிப் பாத்துப் பாத்துக் கோடு மாறி, மண்ணுக்குள்ள போயி, மூணாவதா வந்தான். அக்கா போர்டு புடிக்கிறது சரியில்லன்னு நெனைக்கிறேன். ஒரு அதட்டல் இல்ல அந்தப் பொண்ணுகிட்ட. ரைடருக்கு போர்டு மேல ஒரு பயம் இருக்கணும்.

அதைத்தான் நேத்து ஷெட்டுக்கே போய்ச் சொன்னேன். வெளியிலேர்ந்தே சொன்னேன், உள்ள வான்னு கூப்பிடல. ‘எபி, கடைசி ரேஸ், திரும்பிப் பாக்காதே. போர்டையும் நம்பாதே. பின்னாடி ஒட்டிக்கிட்டுத்தான் வர்றான்னு நெனைச்சுக்கிட்டே ஓட்டு’ன்னேன். ஸ்பேனரைக் கீழ வெச்சுட்டுச் சொன்னான், ‘அப்பிடித்தாண்ணே ஓட்டறேன் கோயமுத்தூர்லேர்ந்து’ன்னு. கேட்டீங்களா? வெளியில காட்டிக்கலன்னாலும் உள்ளுக்குள்ள என் பேச்சை எடுத்துக்கிட்டிருக்கான். எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

என்ன சார், பெரிய தூறலா விழுது? அந்தப் பக்கம் பாருங்க, பின்னால மரத்துக்கு மேல கறுத்துக்கிட்டு நிக்குது. பின்பக்க வளைவுல மழை புடிச்சிருக்கும். இவங்க போட்டிருக்கறது காஞ்ச ரோட்டு டயரு. கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வழுக்கிடும். மித்ரன் இன்னேரம் பூனை ஆயிருப்பான்.

வர்றான். எபி. ஒத்தையா வர்றான் பாருங்க. போர்டு... ஆறு! பிளஸ் ஆறு! இன்னும் ரெண்டு லேப். ஜெனிட்டா போர்டை ஒரு கையில தூக்கிக்கிட்டு இன்னொரு கையைக் கீழ கீழ அமுத்திக் காட்டுது பாருங்க. மெதுவாப் போடான்னு காட்டுது. சுவத்து மேலயே ஏறி நிக்குது! யாராவது அந்தப் பொண்ணைப் புடிங்கப்பா.

பாக்கவே இல்ல. பாத்தீங்களா சார், தலையைத் தூக்கக்கூட இல்ல! போர்டு பக்கமே திரும்பல. நேரா டேங்க் மேல படுத்துக்கிட்டுப் போயிட்டான். அதான் சார் தன்னம்பிக்கை, அதான் ஃபார்ம்! பின்னாடி திரும்பிப் பாக்கறதையும் விட்டுட்டான். இப்பிடித்தான் ஓட்டணும், இப்பிடித்தான்...

மித்ரன் இப்பத்தான் வர்றான். எழுந்து உக்காந்து ஓட்டிக்கிட்டு வர்றான், பயந்துட்டான். இவன் எங்க எபியைப் புடிக்கிறது? நடந்து போனாக்கூட ஜெயிச்சுடலாம் எபி. நடந்தே போகலாம். மெதுவாப் போகலாம்டா இப்ப. ஏய், மெதுவாப் போலாம்டா!

இங்கேர்ந்து கத்தினா கேக்காதுதான். தெரியும் சார்.

எனக்கு ஒண்ணுமில்ல. சும்மா டிக்கெட்டைக் கசக்கிக்கிட்டு இருக்கேன், அவ்வளவுதான். எப்பவும் ரேஸ் முடியற நேரத்துல இப்பிடித்தான் எனக்கு. ஆறு செகண்டு இருக்கு. ஆறுங்கறது எவ்வளவு பெருசுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். போர்டுல ஆறுன்னு போட்டிருக்கு. அவன் பாக்கலன்னா... ஓரக்கண்ணால பாத்திருப்பான். அவங்க அக்கா காட்டினது. அக்கா காட்டினதை நம்புவான்ல சார்? அவ பொய்யா காட்டப்போறா?

கடைசித் தடவை தாண்டிட்டான். இப்பவும் பாக்கல. முறுக்கிக்கிட்டுத்தான் போறான். ஜெனிட்டா கத்துறது இங்க கேக்குது. இஞ்சின் சத்தத்தைத் தாண்டிக் கேக்குது சார்.

பஞ்சை எடுத்துடுங்க காதுலேர்ந்து. கொஞ்ச நேரம் என்கூட சேந்து கேளுங்க. பின்பக்கம் போயிட்டான். இதோ... இப்பக் குறைக்கிறான், பெரிய வளைவு. மறுபடி ஏத்தறான். நல்லா இருக்கு. அதான், அதான்... இப்ப அடுத்த வளைவு வரும். குறைக்கணும்.

சத்தம் நின்னுடுச்சு.

காத்து இந்தப் பக்கம் அடிக்கல, அதான் கேக்கல. கொஞ்சம் இருங்க. அதோ வருது! கேக்குது பாருங்க, வருது! வர்றான்...

நீலம்.

நீலம் எதுக்கு மொதல்ல வருது? மஞ்சள் எங்க? சார், உங்களுக்கு நல்லாக் கண்ணு தெரியுமில்ல, மஞ்சள் வருதா பாருங்க. முஸ்தபா பாய் வர்றாரு. அதுக்குப் பின்னாடி? அது பச்சை. அது வேற யாரோ. கொடியை ஆட்டிட்டாங்களா? முடிஞ்சுடுச்சா?

மைக்குல என்ன சொல்றான்? தமிழ்ல சொல்லுடா. ‘இருபத்தேழாம் நம்பர்... கீழ...’ அப்புறம்? ‘எழுந்து நிக்கிறார்.’ எழுந்துட்டானா? எழுந்துட்டான்! ஐயோ சாமி, எழுந்துட்டான் சார். போதும். பட்டம் போனா மயிரே போச்சு. ஆள் நிக்கிறான்ல. என்ன? ‘வலது தோளைப் புடிச்சுக்கிட்டு’ன்னா சொன்னான்? இல்ல, அப்பிடிச் சொல்லியிருக்க மாட்டான். உங்களுக்குச் சரியா கேட்டிருக்காது.

மழைதான் காரணம். நீங்களே பாத்தீங்க, நல்லாத்தானே போய்க்கிட்டு இருந்தான்? அந்த டயரு வழுக்கும்னு மொதல்லயே சொன்னேன் நான். மெதுவாப் போகலாம்னுகூடக் கத்தினேன், நீங்கதான் சாட்சி. யார் யாரோ என்னென்னவோ சொல்லுவாங்க இனிமே...

அந்தப் பொண்ணு ஏன் இன்னும் அங்கயே நிக்குது? ஆம்புலன்ஸ் பக்கம் ஓட வேண்டியதுதானே? போர்டை இன்னும் எறக்கல பாருங்க. எறக்கும்மா. ரேஸ் முடிஞ்சுடுச்சு. யாருக்குக் காட்டறே இனிமே?

திருப்புது. இந்தப் பக்கம் எதுக்குத் திருப்புது? இத்தனை சனம் உக்காந்திருக்கு, நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எப்பிடித் தெரியும்? தெரியாது. டிக்கெட்டு வாங்கிக்கிட்டு வந்ததே தெரியாது அவங்களுக்கு. பிளஸ் ஆறு. அப்பிடியே ரெண்டு கையாலயும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. தெரியுதும்மா, ஆறுன்னு தெரியுது. எனக்கென்ன கண்ணு தெரியாதா.

சார். அந்தக் குடையைக் கொஞ்சம் விரிங்களேன். மழை ஜாஸ்தியாயிடுச்சு. தலைக்கு மேல இல்ல சார், இப்பிடி முன்னால. இன்னும் கொஞ்சம் எறக்கிப் புடிங்க.